வலது ஆள்காட்டி விரல்

ஜூன் 3, திங்கள்

டைரி எழுதுகிறவர்கள் முதல் பக்கத்தில் தங்களைப் பற்றி எழுத வேண்டுமாம். என் மகள் இனியா சொன்னாள். சரி, எழுதிவிடுகிறேன். பெயர் திலகவதி. வயது முப்பத்தாறு. அடையாள அட்டைப் பதிவு மையத்தில் ஆபரேட்டர். வருகிறவர்களின் பத்து விரல் ரேகையையும் முகத்தையும் மெஷினில் எடுத்து, அவர்களுக்கு ஒரு எண் வாங்கிக் கொடுப்பது என் வேலை. கணவர் அன்பழகன் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். இந்த டைரிகூட ஒரு முந்திரிக் கம்பெனி அவருக்குச் சனவரியில் கொடுத்ததுதான். ஐந்து மாதம் பீரோ மேல் தூங்கியது.

மதியம் இரண்டு மணிக்கு எங்கள் மெஷின் காலையில் எடுத்த பதிவுகளையெல்லாம் மேலிடத்துக்கு அனுப்பும். அந்த அரைமணி நேரம் அதைத் தொடக்கூடாது. வழக்கமாக அந்த நேரத்தில் பக்கத்து ஜெராக்ஸ் கடைப் பெண்ணோடு ஊர்வம்பு பேசுவேன். இன்றைக்குப் பேசப் பிடிக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

காலையில் கொளஞ்சி அக்கா வந்தார். கொளஞ்சியம்மாள் என்று பெயர், முந்திரிக்கொட்டை உடைக்கிறவர். கொட்டையிலிருந்து கசியும் எண்ணெய் பட்டால் தோல் வெந்து உரியும். சாம்பலைத் தொட்டுத் தொட்டுத்தான் உடைப்பார்கள். முப்பது வருடம் உடைத்த கையில் ரேகை எங்கே இருக்கும்? விரல் நுனியெல்லாம் வழவழவென்று இருக்கிறது.

"ரேசன் கடையில என் வெரல எடுக்க மாட்டேங்குது கண்ணு. இத்தினி நாளா எங்க வூட்டுக்காரரு வெச்சாரு. சித்திரையில அவரு போயிட்டாரு. இப்ப நான் யாருன்னு மெஷினுக்குத் தெரியலியாம்" என்றார்.

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். மெஷினில் ஒன்பது விரலை வைத்துப் பார்த்தேன். ஒன்பதும் சிவப்பு. வலது ஆள்காட்டி விரலை வைக்கச் சொல்லவில்லை. கூட்டமாக இருந்தது.

"தேங்கா எண்ண தடவிட்டு வாங்கக்கா, அடுத்த வாரம் பாக்கலாம்" என்று அனுப்பிவிட்டேன். தேங்காய் எண்ணெயால் ரேகை முளைக்காது. அது எனக்குத் தெரியும்.

ஜூன் 4, செவ்வாய்

கொளஞ்சி அக்கா கொடுத்தனுப்பிய பலாப்பழம் வீட்டுக்கு வந்தது. ஆறு வருடமாக ஒவ்வொரு பருவத்துக்கும் தவறாமல் ஒன்று வருகிறது. சுளையெடுத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன்.

ஜூன் 7, வெள்ளி

இனியாவின் யூனிபாரத்துக்கு மடிப்புப் பிரித்துத் தைத்தேன். ஒரே வருடத்தில் நான்கு விரற்கடை வளர்ந்திருக்கிறாள்.

"பலாப்பழம்னா உசுர விடுவ, இந்த வருசம் ஏன் தொடவே இல்ல?" என்று கேட்டார் இவர். வயிறு சரியில்லை என்றேன். "ஊர்ல பாதி பேர் உன்கிட்ட வெரல் வெச்சிருக்காங்க, ஒருத்தர்கூட அப்புறம் உன்னத் திரும்பிப் பாக்கல. அந்தம்மாதான் நன்றியா இருக்குது" என்றார். சில நேரம் இவர் வாயை ஊசி நூலால் தைத்துவிடலாமா என்று இருக்கும்.

அந்த நன்றி எதற்கு என்று எழுதிவிடுகிறேன். ஆறு வருடம் முன்பு பள்ளிக்கூடத்தில் பத்து நாள் சிறப்பு முகாம் நடந்தது. கடைசி நாள் கொளஞ்சி அக்கா வந்தார். அதற்கு முன் நான்கு இடத்தில் போய், விரல் விழவில்லை என்று நான்கு இடத்திலும் துரத்தியிருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் வேலை போயிற்று. அன்றும் பத்து விரலையும் துடைத்துத் துடைத்து வைத்தார். மெஷின் அசையவில்லை. ஒரு விரலாவது தெளிவாக விழுந்தால் பதிவை ஏற்றுக்கொள்ளும். எனக்குப் பாவமாக இருந்தது.

ஆபரேட்டர் ஒவ்வொரு பதிவையும் முடிக்கும்போது தன் விரலை வைத்து மூட வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது தடவை என் விரல் அந்தக் கண்ணாடி மேல் போய் வரும். பழக்கம். அவர் கையைப் பிடித்து வைக்கும்போது என் வலது ஆள்காட்டி விரலை அவர் விரல் இருக்க வேண்டிய இடத்தில் வைத்துவிட்டேன். பச்சை விழுந்தது. அவ்வளவுதான் நடந்தது.

பாவம் பார்த்துச் செய்தது. வேறு எதுவும் இல்லை.

ஜூன் 10, திங்கள்

அரை நாள் லீவு போட்டுக் கொளஞ்சி அக்காவோடு ரேஷன் கடைக்குப் போனேன். இரண்டு மாத அரிசி நின்றுபோயிருக்கிறது. விற்பனையாளர் நல்ல மனிதர்தான், ஆனால் பச்சை விளக்கு எரியாமல் அவர் ஒரு கிலோகூட நிறுத்துக் கொடுக்க முடியாது.

"கைய எப்பிடி வைக்கணும்னு நான் சொல்லித் தரேன்" என்றேன். அவர் கைமேல் என் கையை வைத்தேன். என் புடவைத் தலைப்பு மெஷினை மறைத்தது. மறைக்கும்படிதான் நின்றேன். விற்பனையாளர் தராசைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு விநாடி. "அனுமதிக்கப்பட்டது" என்று மெஷின் பெண் குரலில் சொன்னது.

கொளஞ்சி அக்கா அரிசியை வாங்கிச் சும்மாடு கூட்டித் தலையில் வைத்துக்கொண்டார். வெளியே வந்து வேப்பமரத்து நிழலில் நின்று என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார். அவர் விரல் பட்ட இடம் சுரசுரப்பே இல்லாமல் குளிர்ச்சியாக இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வெயிலில் கண் கூசுகிறது என்றேன்.

ஜூன் 12, புதன்

இதைத்தான் வினை என்பது. மையத்தைத் திறக்கும்போதே ஏழு பெண்கள் வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லோரும் முந்திரி உடைக்கிறவர்கள். முன்னால் நின்றவர் பச்சையம்மாள், கொளஞ்சி அக்காவுக்குப் பக்கத்து வீடு.

"கொளஞ்சி சொல்லிச்சி. உனுக்குக் கைராசியாமே? நீ புடிச்சி வெச்சா விழுதாமே?"

கைராசி! எனக்குச் சிரிப்பதா ஓடுவதா என்று தெரியவில்லை. ஏழு பேர் கையையும் பிடித்து வைத்துப் பார்த்தேன். இரண்டு பேருக்கு விழுந்தது, அது அவர்களுடைய விரல்தான். மற்ற ஐந்து பேர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்கள். ராசி ஆளுக்கு ஆள் மாறும்போல என்று பச்சையம்மாள் சமாதானம் சொன்னார்.

அந்த ஐவருக்கும் விதிவிலக்குப் பதிவு போட்டேன். ரேகை இல்லாதவர்களுக்கென்றே இருக்கிற முறை அது. இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் படம் எடுத்து, மேற்பார்வையாளர் கையெழுத்தோடு அனுப்ப வேண்டும். கொளஞ்சி அக்காவுக்கு அதைப் போட முடியாது. ஏற்கனவே அவருக்கு ரேகை இருப்பதாகப் பதிவு இருக்கிறது.

ஜூன் 18, செவ்வாய்

கொளஞ்சி அக்கா இன்று வந்தபோது உதடெல்லாம் வெளுத்திருந்தது. மையத்துப் படி மூன்றுதான், அதை ஏறுவதற்குள் இரண்டு தடவை நின்றார்.

கர்ப்பப்பையில் கட்டியாம். நான்கு மாதமாக உதிரப்போக்கு நிற்கவில்லை. புருஷன் சாவில் அதை யாரிடமும் சொல்லவில்லை. ரத்தம் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது என்று டாக்டர் திட்டியிருக்கிறார். மாவட்டத் தலைநகரில் பெரிய ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பையை எடுக்க வேண்டும், ஒரு மாதத்துக்கு மேல் தள்ளக்கூடாது. அரசுக் காப்பீட்டில் செய்துவிடலாம். ஆனால் சேர்க்கும்போது ஒரு தடவை, தியேட்டருக்குப் போகும்முன் ஒரு தடவை, வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு தடவை விரல் வைக்க வேண்டும்.

"நீ கூட வா கண்ணு. ரேசன் கடையில வெச்சாப்புல வெச்சிக் குடுத்துடு. மூணு வாட்டிதான்."

அந்த ஆஸ்பத்திரி கவுன்ட்டர் எனக்குத் தெரியும். நடுவில் கண்ணாடி. சின்ன ஓட்டை வழியாக ஒரு கை மட்டும்தான் உள்ளே போகும். மேலே கேமரா முகத்தையும் கையையும் சேர்த்துப் படம் எடுக்கும்.

"வரேங்க்கா" என்றேன்.

ஜூன் 19, புதன்

ரேகைத் திருத்தம் கேட்டு விண்ணப்பம் போட்டுவிட்டேன். கொளஞ்சி அக்காவின் பத்து விரலையும் இப்போது இருக்கிறபடியே எடுத்து, பழையதை மாற்றச் சொல்லி அனுப்பினேன். வேலை செய்து தேய்ந்துவிட்டது என்று காரணம் எழுதினேன். மெஷின்களுக்குச் சந்தேகம் வராது என்று நினைக்கிறேன். மனிதர்களுக்குத்தான் வரும்.

வீட்டில் மாவு புளித்துப் போய்விட்டது. கீழே கொட்டினேன்.

ஜூன் 24, திங்கள்

மெஷினுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

எங்கள் மேற்பார்வையாளர் தணிகாசலம் சார் காலையிலேயே வந்தார். சட்டைப் பையில் ஒரு தாள். கொளஞ்சியம்மாளின் பழைய பதிவில் ஒன்பது விரல் மங்கல், ஒரே ஒரு விரல் தெளிவு. அந்த ஒரு விரல் மற்ற ஒன்பது விரலுக்கு உரியவருடையது அல்ல என்று மேலிடம் சொல்கிறது. அட்டை இன்று முதல் நிறுத்திவைப்பு. ஆள்மாறாட்டமா என்று விசாரித்து அறிக்கை அனுப்ப வேண்டும்.

"யாரும்மா எடுத்தது இது?" என்று கேட்டார். தாளிலேயே என் ஆபரேட்டர் எண் இருக்கிறது. அவர் கையெழுத்தும் இருக்கிறது.

"நான்தான் சார். முகாம்ல."

என்னைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார்.

"கூட்டத்துல அந்தம்மா யாராச்சும் சொந்தக்காரப் பொண்ணக் கூட்டியாந்து வெரல் வெக்க வெச்சிருக்கும். நமக்கெப்பிடித் தெரியும்? அப்பிடின்னு அதுகிட்ட எழுதி வாங்கிக் குடுத்துடுங்க. ஃபைல் முடிஞ்சிடும். புதுசா ஒன்னு எடுத்துக்கலாம்."

புதிதாக எடுத்துக்கொள்ளலாம் என்ற ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். யாருக்கும் நஷ்டம் இல்லை. பழைய பதிவு போகும், புதியது வரும், ஆபரேஷன் நடக்கும்.

ஜூன் 25, செவ்வாய்

லீவு. தலைவலி. சும்மா படுத்திருந்தேன்.

ஜூன் 26, புதன்

வாங்கிவிட்டேன்.

எழுதியதும் நானே. 'முகாமில் என் விரல் விழாததால் எனக்குத் தெரிந்த வேறொரு பெண்ணைக் கொண்டு ஆபரேட்டருக்குத் தெரியாமல் விரல் வைக்கச் செய்தேன். இது என் தவறு.' நல்ல கையெழுத்து என்று பள்ளிக்கூடத்தில் பெயர் வாங்கியவள் நான்.

கொளஞ்சி அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. படித்துக் காட்டுங்கள் என்று தணிகாசலம் சார் சொன்னார். தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "என் விரல் ரேகை தேய்ந்துவிட்டதால் பழைய பதிவை ரத்து செய்து புதிய பதிவு தரும்படி கேட்டுக்கொள்கிறேன்" என்று படித்தேன். ஒரு வார்த்தை தடுமாறவில்லை.

கொளஞ்சி அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடது கட்டைவிரலை மைப்பெட்டியில் அழுத்தித் தாளில் வைத்தார். ஆறு வருடமாக எந்த மெஷினும் ஏற்காத கை. தாள் உடனே ஏற்றுக்கொண்டது.

"சரியா விழுந்துச்சா கண்ணு?" என்று கேட்டார்.

ஜூன் 28, வெள்ளி

தலைமேல் இடி விழுந்துவிட்டது. பதிவு விதிகள் புத்தகத்தை இன்று எடுத்துப் புரட்டினேன். வாங்கும்முன் புரட்டியிருக்க வேண்டும். ஆபரேட்டர் செய்த பிழை என்றால் பதிவை அன்றே ரத்து செய்து அன்றே புதிதாக எடுக்கலாம். பதிவுக்கு வந்தவரே ஆள்மாறாட்டம் செய்தார் என்றால் ஆறு மாதம் புதுப் பதிவு கிடையாது.

ஆறு மாதம். டாக்டர் சொன்ன ஒரு மாதத்தில் பத்து நாள் போய்விட்டது.

தணிகாசலம் சாருக்குப் போன் செய்தேன். "அது தெரியும்மா. நீங்க ஏன் அதப் போய்ப் படிக்கிறீங்க? ஆஸ்பத்திரியில யார் கையக் கால பிடிச்சாவது சேத்துடலாம்" என்றார். எந்த ஆஸ்பத்திரியில், யார் காலை என்று கேட்டேன். திங்கட்கிழமை தபாலில் ஃபைல் போய்விடும் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

இவரிடம் முழுவதும் சொல்லிவிட்டேன். ஆட்டோவைத் துடைத்துக்கொண்டே கேட்டார். முடித்தபோது துணியைத் தரையில் போட்டுவிட்டு, "அந்தப் பலாப்பழத்த நான் ஆறு வருசமா தின்னுருக்கேன்" என்றார்.

ஜூன் 29, சனி

முந்திரிக் கொட்டகைக்குப் போனேன். புகையும் எண்ணெய் நெடியும் கண்ணைக் கரித்தன. பத்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தார்கள். உடம்பு இந்த நிலையில் இருக்கும்போதும் கொளஞ்சி அக்கா ஒரு ஓரத்தில் உட்கார்ந்து உடைத்துக்கொண்டிருந்தார். பச்சையம்மாள் தண்ணீர் எடுக்கப் போயிருந்தார். எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"அக்கா, அந்த வெரல் என்னோடது. முகாம்ல நான்தான் வெச்சேன்."

"தெரியும் கண்ணு" என்றார். கை நிற்கவில்லை. "என் வெரல நவுத்திட்டு உன் வெரல வெச்ச. எனுக்குத் தெரியாமப் போவுமா? ரேகதான் போச்சி, சொரண போவல."

"நாலு எடத்துல நாயத் தொரத்தறாப்புல தொரத்துனாங்க. ஒரு பொண்ணு தன் வெரலயே குடுக்குதேன்னு நெனச்சேன். அதான் வருசா வருசம் பழம் குடுத்தனுப்பறது."

"அந்தப் பேப்பர்ல நான் படிச்சது எதுவும் இல்லக்கா. தப்பு ஒங்க மேலன்னு எழுதியிருக்கேன்."

"அதுவும் நெனச்சேன். பேப்பரு அவ்ளோ நீட்டு இருந்துச்சி, நீ ரெண்டு வரிதான் படிச்ச. ஒனக்கு வேல போயிடும்னு வெச்சிக் குடுத்தேன்." தட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "எனக்காகப் பாவம் பாத்து வெச்ச வெரலுதான? அதுக்கு நான் இதுகூட செய்யக்கூடாதா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஏழாம் தேதி இந்த டைரியில் அப்படித்தான் எழுதினேன். எழுதும்போதே பொய் என்று தெரியும். பேனாவுக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

"இல்லக்கா" என்றேன்.

உண்மை இதுதான். முகாமில் விதிவிலக்கே இல்லாமல் நானூறு பதிவு முடிக்கிற ஆபரேட்டருக்கு மாவட்ட மேடையில் சான்றிதழ் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். சான்றிதழ் வாங்குகிறவர்களுக்கே நிரந்தர மையத்தில் வேலை. கொளஞ்சி அக்கா வரும்போது நான் முன்னூற்றுத் தொண்ணூற்றேழு முடித்திருந்தேன். அவருக்கு விதிவிலக்கு போட்டிருந்தால் என் கணக்கில் ஒரு சிவப்புக் கோடு விழும். துரத்திவிடலாம் என்றால் பின்னால் இரண்டு பேர்தான் நின்றார்கள், நானூறு ஆகாது. அவர் முகத்தை நான் பார்க்கவே இல்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நாலே முக்கால். என் விரலை வைத்தேன். மூன்றாம் நாள் புதுப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு மேடை ஏறினேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். கொளஞ்சி அக்கா சாம்பலைத் தொட்டார். ஒரு கொட்டையை எடுத்து வைத்துத் தட்டினார். பருப்பு உடையாமல் முழுசாக வந்தது.

"அப்ப நான் எத்தினியாவது ஆளு?"

"முன்னூத்தித் தொண்ணூத்தெட்டு."

"ஓ" என்றார்.

அவர் அடுத்த கொட்டை, அதற்கடுத்த கொட்டை என்று உடைத்துக்கொண்டே இருந்தார். பச்சையம்மாள் தண்ணீரோடு வந்து, "வா கைராசி" என்று கூப்பிட்டார். எழுந்து வந்துவிட்டேன்.

ஜூலை 1, திங்கள்

தபால் பதினொரு மணிக்கு. நான் ஒன்பதரைக்கே கோட்ட அலுவலகத்தில் நின்றேன். என் கைப்பட எழுதிய ஒப்புதலை நீட்டினேன். தணிகாசலம் சார் படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"பைத்தியமா பிடிச்சிருக்கு? அந்தம்மாவே வெச்சிக் குடுத்துடுச்சி. நீங்க எதுக்குத் தலைய நீட்டறீங்க? என் கையெழுத்தும் இதுல இருக்குது, தெரியுதா?"

"ஒங்களுக்குத் தெரியாம செஞ்சேன்னுதான் சார் எழுதியிருக்கேன். அது உண்மதான்."

அதைக் கேட்டதும் அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. இருந்தாலும் வாய்ச்சொல் போதாது, நிரூபிக்க வேண்டும் என்றார். பக்கத்து அறையிலிருந்து அதிகாரி அம்மா ஒருவர் வந்தார். நிறுத்திவைத்திருந்த பதிவை விசாரணைக்கென்று திறந்து, கொளஞ்சியம்மாளின் எண்ணை அடித்தார்கள். என் விரலை வைக்கச் சொன்னார்கள்.

வைத்தேன். பச்சை. திரையில் கொளஞ்சியம்மாள், பெண், வயது நாற்பத்தொன்பது என்று வந்தது. பக்கத்தில் ஆறு வருடம் முந்தைய படம். தலையில் கனகாம்பரம் வைத்து, போட்டோவுக்கென்று பவுடர் பூசி, லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு நான் பார்க்காத முகம் அது.

அதிகாரி அம்மா என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். "கொளஞ்சியம்மாள், சரிபார்ப்பு வெற்றி" என்று வாய்விட்டுப் படித்தார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது.

பொய்த்தாளைக் கேட்டு வாங்கி, என் கண்முன்னால் கிழிக்கச் சொன்னேன். கிழித்தார்கள். என் ஆபரேட்டர் உரிமம் இன்றோடு ரத்து. மற்ற நடவடிக்கை பிறகு கடிதமாக வருமாம். மைய சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 2, செவ்வாய்

சுவரில் இருந்த சான்றிதழைக் கழற்றினேன். பின்னால் சுண்ணாம்பு சதுரமாக வெள்ளையாக இருக்கிறது. இனியா ஏன் என்று கேட்டாள். அம்மா ஒருவரை ஏமாற்றி வாங்கியது என்றேன். அவள் வேறெதுவும் கேட்கவில்லை. அவள் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூலை 4, வியாழன்

என் நாற்காலியில் புதிதாக ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். நான் வெளியே பெஞ்சில். கொளஞ்சி அக்காவைப் பச்சையம்மாள் தாங்கிப் பிடித்து அழைத்து வந்தார். இருவரும் என்னைக் கடந்து உள்ளே போனார்கள்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். புதுப் பெண் பத்து விரலையும் ஒரு தடவை வைத்துப் பார்த்தாள். பிறகு, "ரெண்டு கையும் விரிச்சிக் காட்டுங்கம்மா" என்றாள். கொளஞ்சி அக்கா இரண்டு உள்ளங்கைகளையும் முகத்துக்குப் பக்கத்தில் தூக்கிக் காட்டினார். பச்சையம்மாள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். படம் எடுத்தாயிற்று. கையெழுத்துக்கு அனுப்பி, தற்காலிக எண் அச்சாகி வந்துவிட்டது.

பெஞ்சில் உட்கார்ந்தபடி நேரம் பார்த்தேன். பதினொரு நிமிடம்.

ஜூலை 10, புதன்

ஆஸ்பத்திரிக்கு அழைக்காமலே போனேன். இன்று சேர்த்து, இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றி, ஆபரேஷன் செய்கிறார்கள். சேர்க்கை கவுன்ட்டரில் கொளஞ்சி அக்கா சக்கர நாற்காலியில் இருந்தார். பச்சையம்மாள் பையோடு நின்றார். நான் பையை வாங்கப் போனேன், அவர் கொடுக்கவில்லை. கொட்டகையில் பேச்சு பரவியிருக்கிறது.

நர்ஸ் அட்டையைப் பார்த்துவிட்டு, "இது ரேகை இல்லாத கார்டு. இந்தம்மாதான் கொளஞ்சியம்மாள்னு நேர்ல தெரிஞ்சவங்க ஒருத்தர் சாட்சி போடணும்" என்றார். நான் பேனாவோடு நின்றதால் என்னைப் பார்த்தார். "நீங்க இவங்களுக்கு என்னா ஒறவு?"

நான் வாயைத் திறக்கும் முன் கொளஞ்சி அக்கா சொன்னார்.

"ஒறவு இல்லிங்க. கார்டு எடுக்கற மேடம்."

கோபமாகச் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்கிறமாதிரிதான் சொன்னார். நர்ஸ் பச்சையம்மாளிடம் திரும்பினார். பச்சையம்மாளுக்குக் கையெழுத்து தெரியாது. கட்டைவிரலை மையில் தோய்த்துத் தாளில் வைத்தார். கோடு ஒன்றுகூட இல்லாமல், ஊதா நிறத்தில் ஒரு முட்டை வடிவம் விழுந்தது. நர்ஸ் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, செல்லும் என்று சொல்லி முத்திரை குத்தினார்.

சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். வளைவில் கொளஞ்சி அக்கா தலையைத் திருப்பி, "நீங்க கெளம்புங்க மேடம், வெயில் ஏறிடும்" என்றார்.

கிளம்பினேன்.

ஜூலை 11, வியாழன்

காலையில் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். கொளஞ்சியம்மாள் என்று பெயர் சொன்னேன். "ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிடுச்சி. கண்ணு முழிச்சிட்டாங்க, கஞ்சி குடுத்திருக்கோம்" என்றார்கள். "அவங்களுக்கு நீங்க யாரு, பேர் சொல்லுங்க, போன்ல கேட்டீங்கன்னு சொல்லிடறேன்" என்றார்கள்.

பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன்.